தங்கம்–ஹெக்ஸேன் இடைமுக வெப்பக் கடத்தம்: லாம்ப்ஸில் மதிப்பு ஏன் இவ்வளவு ஏறுது?

நெளிதங்கம் (இழை தொடங்கியவர்)

வணக்கம். தங்கத்தோட (111) முகத்துக்கும் திரவ ஹெக்ஸேனுக்கும் நடுவுல வெப்பக் கடத்தத்தை (இடைமுகத்துல ஒரு கெல்வின் தாவலுக்கு ஒரு சதுர மீட்டர் வழியா தாண்டுற வெப்பம்) லாம்ப்ஸ்ங்கிற மூலக்கூறு சிமுலேஷன் நிரல்ல கணக்கிடணும். செட்டப் இது:

தங்கம்: செவ்வக அலகு 12 × 7, 18 அடுக்கு, மொத்தம் 3024 அணு. குறுக்குவெட்டு 34.6 × 35.0 ஆங்ஸ்ட்ராம், தடிமன் சுமார் 42. தங்கம்–தங்கம் விசைக்கு ஈஏஎம் (உலோகங்களுக்கான விசை மாதிரி).
திரவம்: 550 ஹெக்ஸேன், டிராப்பி யுனைட்டட்-ஆட்டம் மாதிரி (ஹைட்ரஜன்களைக் கார்பனோட சேர்த்து ஒரே தளமா எடுக்கிறது). நீளம் சுமார் 100 ஆங்ஸ்ட்ராம். மூணு திசையிலும் பெட்டி தன்னைத்தானே திரும்பச் சொல்லும் எல்லை.
வெப்பம்: ஃபிக்ஸ் ஈஹெக்ஸ் (ஒரு பகுதியில வெப்பம் ஏத்தி இன்னொண்ணுல எடுக்கிற லாம்ப்ஸ் கட்டளை). தங்கத்தின் நடுவுல ஆற்றல் ஏத்துறேன், ஹெக்ஸேன் நடுவுல அதே அளவை எடுக்கிறேன். ஃபெம்டோ செகண்டுக்கு 0.0035 கிலோகலோரி/மோல். படி 1 ஃபெம்டோ செகண்ட், ஓட்டம் 5 நானோ செகண்ட்.

கிடைச்சது: திரவத்துல சரிவு ஆங்ஸ்ட்ராமுக்கு 0.84 கெல்வின், இடைமுகத்துல வெப்பநிலைத் தாவல் 7 கெல்வின். பாயம் (பரப்பைத் தாண்டுற வெப்பம்) சதுர மீட்டருக்கு 2000 மெகாவாட்னு வருது. 7-ஆல வகுத்தா கடத்தம் 287 மெகாவாட்/சதுர மீட்டர்/கெல்வின். நீர் ஒட்டாத முகங்களுக்கு அளந்த மதிப்பு 50-ஐ ஒட்டித்தான் பேசப்படுது. எங்க தப்பு?

சூடுகடத்தி

முதல் தப்பு உங்க பதிவுலயே இருக்கு. பெட்டி தன்னைத்தானே திரும்பச் சொல்லுதுன்னா தங்கத் தகட்டுக்கு ரெண்டு முகம். நடுவுல ஊத்துற ஆற்றல் ரெண்டு பக்கமும் பாதி பாதியா வெளியேறும். பாயம் காண பரப்பால மட்டும் வகுத்திருக்கீங்க. ரெண்டு மடங்கு பரப்பால வகுக்கணும்.

கணக்கு: பரப்பு 1211 சதுர ஆங்ஸ்ட்ராம். 0.0035-ஐ 2422-ஆல வகுத்தா 1.445 × 10^-6. லாம்ப்ஸோட ரியல் அலகுல ஒரு கிலோகலோரி/மோல்/ஃபெம்டோ செகண்ட்/சதுர ஆங்ஸ்ட்ராம்னா 6.95 × 10^14 வாட்/சதுர மீட்டர். பெருக்கினா 1004 மெகாவாட். 7-ஆல வகுத்தா 143.

இதை யாரையும் கேட்காமலே பிடிச்சிருக்கலாம். உங்க திரவமே ஒரு தராசு. பாயத்தைத் திரவச் சரிவால வகுத்தா ஹெக்ஸேனோட வெப்பக் கடத்துதிறன் வரணும். 2000 மெகாவாட்டை வச்சா 0.24 வாட்/மீட்டர்/கெல்வின், உண்மையான ஹெக்ஸேனுக்கு அறை வெப்பநிலையில 0.12 தான். மாதிரிக்கு மாதிரி பத்து இருபது சதம் தள்ளிப் போகலாம், சரியா ரெண்டு மடங்கு போனா அது இயற்பியல் இல்ல, கூட்டல் கழித்தல். இடைமுகத் தாவலைப் பார்க்குறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைப் போட்டுடுங்க.

நெளிதங்கம்

ஆமா, 2-ஐ விட்டுட்டேன். நன்றி. ஆனா 143-உம் அதிகம்தானே?

பின்னம்7

அந்த 7 கெல்வினை எப்படி எடுத்தீங்கன்னு சொல்லுங்க. தங்கத்தின் கடைசி பின்னுக்கும் (பின்னா, சராசரி எடுக்க பெட்டியை வெட்டுற மெல்லிய துண்டு) ஹெக்ஸேனின் முதல் பின்னுக்கும் நேரடியா கழிச்சீங்களா, இல்ல ரெண்டு பக்கமும் நேர்கோடு பொருத்தி இடைமுகம் வரை நீட்டினீங்களா?

நெளிதங்கம்

நேரடியா கழிச்சேன். பின் அகலம் 2 ஆங்ஸ்ட்ராம்.

பின்னம்7

அப்ப அந்த 7-ஐ நம்பாதீங்க. காரணம் ரெண்டு.

முதலாவது, புள்ளியியல். 2 ஆங்ஸ்ட்ராம் பின்னுல சுமார் 66 ஹெக்ஸேன் தளங்கள் இருக்கும். ஒரு நொடிப்படத்துல அந்தப் பின்னோட வெப்பநிலை 300-ஐச் சுத்தி 30 கெல்வின் ஆடும். ஒண்ணோட ஒண்ணு தொடர்பில்லாத 1000 மாதிரி எடுத்தாத்தான் அது 1 கெல்வினுக்கு இறங்கும். ரெண்டு பின்னைக் கழிச்சா பிழை இன்னும் கூடும். இருபது பின்னுக்கு நேர்கோடு போட்டா இந்த ஆட்டம் அடங்கிடும்.

ரெண்டாவது, தங்கத்தை ஒட்டிய முதல் ஹெக்ஸேன் அடுக்கு திரவம் மாதிரி நடந்துக்காது. தட்டையா படுத்துக் கிடக்கும், அடர்த்தி உச்சம் தெரியும். அந்த முதல் 10–12 ஆங்ஸ்ட்ராமையும், வெப்பம் எடுக்குற பகுதியையும் அதை ஒட்டி ரெண்டு பின்னையும் விட்டுட்டு நடுத்துண்டுக்கு மட்டும் கோடு போடுங்க.

தங்கப் பக்கம் பின் அகலத்தை அடுக்கு இடைவெளிக்கே வையுங்க, அதாவது 2.355 ஆங்ஸ்ட்ராம், விளிம்பு ரெண்டு அடுக்குக்கு நடுவுல விழுற மாதிரி. 2 ஆங்ஸ்ட்ராம் பின் போட்டா சில பின்னுல ஒரு அடுக்கு முழுசா விழும், சிலதுல ஒண்ணுமே விழாது. அப்புறம் சுயவிவரம் ரம்பப் பல் மாதிரி வந்து பயமுறுத்தும்.

எந்தப் புள்ளி வரைக்கும் நீட்டுறது? தங்கத்தின் வெளி அடுக்குக்கும் திரவ அடர்த்தியின் முதல் உச்சத்துக்கும் நடுவுல ஒரு தளம். எந்தத் தளம்னு எழுதி வையுங்க. உங்க சரிவு 0.84, அதனால தளத்தை 2 ஆங்ஸ்ட்ராம் நகர்த்தினாலே தாவல் 1.7 கெல்வின் மாறும். 7-ல 1.7 சின்ன விஷயம் இல்ல.

சூடுகடத்தி

பின்னம் சொன்னதைச் செஞ்ச பிறகும் பெரும்பாலும் நூறுக்கு மேலதான் நிக்கும்னு நினைக்கிறேன். தங்கம்–கார்பன் குறுக்கு விசைக்கு என்ன போட்டிருக்கீங்க?

நெளிதங்கம்

ஹைன்ஸ் குழு 2008-ல வெளியிட்ட தங்க லெனார்ட்-ஜோன்ஸ் அளவுகள் (எப்சிலான் பிடிப்போட ஆழம், சிக்மா அணுவோட அளவு): எப்சிலான் 5.29 கிலோகலோரி/மோல், சிக்மா 2.951. டிராப்பியோட லோரென்ட்ஸ்–பெர்த்தலோ விதியில (சிக்மாவுக்குச் சராசரி, எப்சிலானுக்குப் பெருக்கலின் வர்க்கமூலம்) கலந்தேன். ஹைப்ரிட் பேர் ஸ்டைல் (பல விசை மாதிரிகளைச் சேர்த்து ஓட்டுற அமைப்பு) தானா கலக்கல, "எல்லா கெழுக்களும் தரப்படல"ன்னு பிழை காட்டிச்சு. கையால எழுதினேன்.

சூடுகடத்தி

பிழை காட்டினதே நல்லது. ரெண்டு வகை அணுவும் ஒரே துணை ஸ்டைல்ல இருந்தாத்தான் லாம்ப்ஸ் கலக்கும். ஈஏஎம்மையும் லெனார்ட்-ஜோன்ஸையும் அதால கலக்க முடியாது.

முதல்ல 2.951. அது சிக்மா இல்ல, ஆற்றல் அடிமட்டத்துல இருக்குற தூரம். சிக்மாவா மாத்த 1.1225-ஆல வகுக்கணும், 2.629 வரும். இந்தக் குழப்பத்துல விழாதவங்க குறைவு.

அடுத்தது எப்சிலான். சிஎச்3-க்கு டிராப்பில 98 கெல்வின், அதாவது 0.195 கிலோகலோரி. 5.29-ஓட பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 1.02. இதே தங்கத்துக்கு யூஎஃப்எஃப்ங்கிற பொது விசைப்புலத்துல எப்சிலான் 0.039, அதோட கலந்தா 0.087. ஒரே தங்கம், ஒரே கார்பன், பிடிப்புல பதினொரு மடங்குக்கு மேல வித்தியாசம்! கடத்தம் இந்த எண்ணைத்தான் பிடிச்சுத் தொங்குது. பிடிப்பு கூடினா முதல் அடுக்கு தங்கத்தோட சேர்ந்தே அதிரும், வெப்பம் தாராளமா தாண்டும்.

எது சரின்னு பார்க்க ஒரு காகிதக் கணக்கு போதும். தங்கத்தை அரைவெளியா எடுத்து லெனார்ட்-ஜோன்ஸைத் தொகையிட்டா 9–3 சுவர் வரும். ஆழம் = 2.21 × எண்ணடர்த்தி × சிக்மா கனம் × எப்சிலான். தங்கத்தின் எண்ணடர்த்தி கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.0589. படுத்துக் கிடக்குற ஹெக்ஸேனுக்கு ரெண்டு சிஎச்3, நாலு சிஎச்2 கூட்டினா:

உங்க இப்போதைய அளவு: சுமார் 25 கிலோகலோரி/மோல்.
சிக்மாவைத் திருத்தினா: சுமார் 21.
யூஎஃப்எஃப்: சுமார் 2.

ஹெக்ஸேன் ஆவியாகத் தேவைப்படுறது 7.5 கிலோகலோரி/மோல். யூஎஃப்எஃப் தங்கத்து மேல ஹெக்ஸேனுக்கு ஒட்டவே மனசு வராது. தன் இனத்தோடதான் இருக்கும். உங்க தங்கத்து மேல ஒட்டினது 300 கெல்வின்ல லேசுல எழுந்திருக்காது. ரெண்டுமே நிஜத் தங்கம் இல்ல.

ஈரமுகம்

ஒரு மறுப்பு. ஹைன்ஸ் அளவுகள் தங்கத்தின் அடர்த்திக்கும் பரப்பு ஆற்றலுக்கும் பொருத்தினது, காத்துல பறிச்சது இல்ல. இப்ப நீங்க எப்சிலானைக் குறைச்சு கடத்தத்தை 50-க்குக் கொண்டு வந்தா, விடையைத் தெரிஞ்சுக்கிட்டு வினாவைத் திருத்துறதா ஆகாதா?

சூடுகடத்தி

கடத்தத்துக்குப் பொருத்தினா நிச்சயமா மோசடிதான். அதை நான் சொல்லல. வெற்றிடத்துல தங்கத் தகட்டு மேல ஒரே ஒரு ஹெக்ஸேனை விட்டு ஒட்டல் ஆற்றலைக் கணக்கிடுங்க. சூடேத்தி வெளியேத்துற பரிசோதனை மதிப்போட அதைப் பொருத்துங்க. கடத்தம் அந்தக் கணக்குல எங்கயும் வராது. அதுக்கப்புறம் வர்ற கடத்தம் எதுவானாலும் அதுதான் உங்க கணிப்பு.

ஹைன்ஸ் அளவுகளோட எப்சிலான் தங்கம்–தங்கம் உலோகப் பிணைப்பைச் சுமக்குது. அதுக்கு வர்க்கமூலம் எடுத்து மீத்தைலுக்குக் கொடுத்தா, உலோகப் பிணைப்புல ஒரு பங்கை வான்டர்வால்ஸ் கணக்குல எழுதுறோம். தப்பு அளவுகள்ல இல்ல. அந்த விசைப்புலம் எந்த விசைப்புலத்தோட சேரும்னு அவங்க சொன்னதை விட்டு, டிராப்பியோட லோரென்ட்ஸ்–பெர்த்தலோல கலந்தோமே, அதுலதான்.

ஈரமுகம்

இது ஏத்துக்கக்கூடியது. கூடவே ஒண்ணு: குறுக்கு எப்சிலானை 0.25, 0.5, 1 மடங்குன்னு மூணு ஓட்டம் ஓட்டி கடத்தத்தை வளைகோடா காட்டுங்க. ஒத்தை எண்ணைவிட அந்த மூணு புள்ளி நேர்மையா இருக்கும்.

வெந்நீர்க்குடம்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே செட்டப்புல ஹெக்ஸேனுக்குப் பதிலா எஸ்பிசி/ஈ மாதிரித் தண்ணீர். சமநிலை ஓட்டத்துலயே தங்கம் 300 கெல்வின், தண்ணீர் 200 கெல்வின்னு காட்டுது. பாயமே இன்னும் போடல. தண்ணீர் உறையவும் இல்ல.

பின்னம்7

சரியா மூணுல ரெண்டு பங்கு. தண்ணீர் 300-லதான் இருக்கு, கணக்குதான் குளிர்ந்திருக்கு. ஷேக் (பிணைப்புகளை விறைப்பா பூட்டுற கட்டளை) போட்ட தண்ணீருக்கு மூலக்கூறுக்கு 9-க்குப் பதில் 6 சுதந்திரப் படிகள், அணுவுக்கு 2. பின்வாரியா சராசரி எடுக்குற ஃபிக்ஸ் ஆவ்/சங்க்கைச் சும்மா விட்டா அணுவுக்கு 3-ன்னு எடுத்துக்கும். ஏடாஃப் சாவிச்சொல்லை 2-ன்னு போடுங்க. ஆனா தங்கத்துக்கு 3 தான், அதனால தங்கத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனி ஃபிக்ஸ் எழுதணும்.

இதோட முடியல. அணுவுக்கு 2-ங்கிறது சராசரி. ஆக்ஸிஜன் அதைவிட அதிகமா சுமக்கும், ஹைட்ரஜன் குறைவா. இடைமுகத்துல ஹைட்ரஜன் ஒரு பின்னுலயும் ஆக்ஸிஜன் பக்கத்துப் பின்னுலயும் விழுந்தா, இல்லாத வெப்பநிலை மேடு பள்ளம் தெரியும். அதைப் பார்த்து "இடைமுகத்துல சூடான அடுக்கு"ன்னு எழுதிடாதீங்க. டம்ப் (அணுக்களோட இடமும் வேகமும் பதிஞ்ச கோப்பு) எடுத்து, மூலக்கூறோட நிறைமையம் எந்தப் பின்னுல இருக்கோ அந்தப் பின்னுக்கு மூணு அணுவோட இயக்க ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிடுற சின்ன பைத்தான் நிரல் எழுதுறதுதான் சுத்தமான வழி.

ஈஹெக்ஸ்லயும் கன்ஸ்ட்ரெய்ன், காம் சாவிச்சொற்கள் ரெண்டையும் போடுங்க. இல்லன்னா பகுதியோட விளிம்புல நிக்கிற மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜனுக்கு மட்டும் வேகம் மாறும், ஷேக் அதை வந்து திருத்தும், ஆற்றல் கணக்கு ஒழுகும்.

வெந்நீர்க்குடம்

ஏடாஃப் 2 போட்டதும் 299.6. நன்றி!

நெளிதங்கம்

ஹெக்ஸேனுக்கும் ஷேக் போடலாமா? டிராப்பில பிணைப்பு நீளம் மாறாததுதானே.

சூடுகடத்தி

லாம்ப்ஸ் ஷேக் ஒரு கொத்துல நாலு அணு வரைதான் கட்டும்: ஒரு நடு அணு, அதைச் சுத்தி மூணு. ஆறு கார்பன் சங்கிலி அதுல அடங்காது. 1.54 ஆங்ஸ்ட்ராம்ல விறைப்பான ஹார்மோனிக் பிணைப்பு போடுங்க, 1 ஃபெம்டோ செகண்ட் படி தாங்கும்.

கோணத்துல கவனம். டிராப்பி கெழு 62500 கெல்வின், சமன்பாட்டுல முன்னாடி அரை இருக்கு. லாம்ப்ஸ் ஹார்மோனிக்ல அந்த அரை கெழுவுக்குள்ளயே போயிடும். கொடுக்க வேண்டியது 62.1 கிலோகலோரி, 124 இல்ல.

கந்தகத்தலை

தங்கத்தைத் தயோலால (கந்தகத் தலை கொண்ட அல்கைல் சங்கிலி) மூடினா என்ன ஆகும்னு யாராவது பார்க்குறீங்களா? 2011-ல குவாங், கெசெல்டர் ரெண்டு பேரும் பியூட்டேன்தயோல் போட்டு வெளியிட்டது இதே கேள்விதான். மூடின தங்கத்துல கடத்தம் கூடுது.

ஈரமுகம்

நடுவுல ஒரு அடுக்கு வந்தா தடை கூடணுமே, குறையுதுன்னா எப்படி?

கந்தகத்தலை

வெறும் தங்கமும் ஹெக்ஸேனும் ஒலி மறிப்புல (அடர்த்தி × ஒலிவேகம்) ஏணி வச்சாலும் எட்டாது. தங்கம்: 19300 × 3240, சுமார் 62 × 10^6. ஹெக்ஸேன்: 655 × 1080, சுமார் 0.7 × 10^6. நேர்க்குத்தா வர்ற அலையில 4 சதவீதம் சொச்சம்தான் தாண்டும். தண்ணீருக்கே 9 சதவீதம். தங்கத்தின் அதிர்வெண்கள் 5 டெராஹெர்ட்ஸோட முடிஞ்சுபோகும். கந்தகம் தங்கத்தோட வலுவா பிணையுது, அந்த அதிர்வு தங்க நிறமாலையோட மேல் விளிம்புல உட்காருது. வால் பக்கம் ஹெக்ஸேன் மாதிரியே ஒரு அல்கைல் சங்கிலி, கரைப்பானோட அதிர்வுகளோட ஒத்துப்போகும். ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆள் நடுவுல நிக்கிற மாதிரி.

செய்றவங்களுக்கு:

முழு மூடல்னா ரூட்3 × ரூட்3 அமைப்பு, மூணு தங்கத்துக்கு ஒரு தயோல், தலைக்கு 21.6 சதுர ஆங்ஸ்ட்ராம். செவ்வகமா பார்த்தா அதன் அலகு 3 தங்கம் நீளம். அதனால எக்ஸ் திசை எண்ணிக்கை 3-ஆல வகுபடணும். நெளிதங்கத்தோட 12 × 7 பொருந்துது, முகத்துக்கு 56 தயோல். 10 × 6 போட்டிருந்தா ஒரு தையல் கோடு விழுந்து அங்க சங்கிலிகள் சாய்ஞ்சு நிக்கும்.

தாவல் இப்ப ஒரு இடத்துல இருக்காது. தங்கம்–கந்தகம் இடையில கொஞ்சம், சங்கிலி நெடுக கொஞ்சம், சங்கிலி–கரைப்பான் இடையில கொஞ்சம். மொத்தக் கடத்தம் வேணும்னா தங்கக் கோட்டையும் கரைப்பான் கோட்டையும் மட்டும் எடுத்துக்கணும். தயோல் பின்களை ரெண்டு பொருத்தத்துலயும் சேர்க்காதீங்க.

பாதி மூடல்ல கரைப்பான் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவுல நுழையும். சமநிலைக்கு அதிக நேரம் கொடுங்க.

பின்னம்7

குவாங்–கெசெல்டர் முறை எதுக்கு வந்துச்சுன்னும் சொல்லிடலாம். முல்லர்-பிளாத்தே 1997-ல கொண்டுவந்த வேகமாற்று முறையில ஒரே நிறை கொண்ட ரெண்டு அணுக்களோட வேகத்தை மாத்திக்கணும். சூடான பக்கம் தங்கம், குளிர்ந்த பக்கம் கார்பன்னா மாத்திக்க ஜோடி கிடையாது. அதனாலதான் அவங்க கொண்டுவந்தது 2010-ல வேகத்தை அச்சுவாரியா அளவுமாத்துற என்ஐவிஎஸ், 2012-ல விஎஸ்எஸ். ரெண்டும் ஓப்பன்எம்டிங்கிற இன்னொரு சிமுலேஷன் நிரல்ல இருக்கு. லாம்ப்ஸ்ல இருந்தா ஈஹெக்ஸே போதும். பழைய ஹெக்ஸ் முறையில நீண்ட ஓட்டத்துல ஆற்றல் கசிஞ்சதை 2015-ல விர்ன்ஸ்பெர்கர், ஃபிரென்கெல், டெல்லாகோ அடைச்சாங்க.

அலைமறிப்பான்

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. ஈஏஎம் தங்கத்துல எலக்ட்ரான் இல்ல. நிஜத் தங்கத்தின் கடத்துதிறன் 318. உங்க சிமுலேஷன் தங்கத்துக்கு 2–3 வாட்/மீட்டர்/கெல்வின் வந்தா அதிகம். அப்ப பரிசோதனையோட எப்படி ஒப்பிடுறீங்க?

சூடுகடத்தி

தங்கத்துக்குள்ள சரிவு சின்னதுதான். 500 மெகாவாட் பாயத்துக்கு ஆங்ஸ்ட்ராமுக்கு 0.02 கெல்வின், தகட்டோட பாதித் தடிமனுக்கு அரை கெல்வின்கூட இல்ல. கோடு நீட்டினா அது கழிஞ்சுபோகும்.

அலைமறிப்பான்

நான் சொல்றது அது இல்ல. பரிசோதனையில லேசர் எலக்ட்ரானைச் சூடாக்குது, எலக்ட்ரான் ஃபோனானுக்கு (அணுக்களோட கூட்டு அதிர்வு) கொடுக்கணும், ஃபோனான்தான் திரவத்துக்குக் கொடுக்கும். அந்த முதல் கைமாத்தலுக்கும் ஒரு தடை உண்டு. மஜும்தார், ரெட்டி 2004-ல தந்த எளிய வாய்பாடு: எலக்ட்ரான்–ஃபோனான் இணைப்பையும் ஃபோனான் கடத்துதிறனையும் பெருக்கி வர்க்கமூலம். தங்கத்துக்கு 2.3 × 10^16, 2.5 போட்டா சுமார் 240 மெகாவாட். சிமுலேஷன்ல 50 வந்தா, தொடர்த் தடையா சேர்க்க 41 ஆகும். 143 வந்தா 90. கடத்தம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு இது முக்கியம்.

சூடுகடத்தி

சரிதான். சின்னக் கடத்தத்துக்கு இது ஓரமா நிக்கும், தயோல் போட்ட தங்கத்துக்கு விட முடியாது.

நெளிதங்கம்

எல்லாத்தையும் சேர்த்து அடுத்த ஓட்டம்: சமநிலைக்கு நீளத்தை மட்டும் மாறவிட்டு 1 வளிமண்டலத்துல 2 நானோ செகண்ட், பெட்டியைப் பூட்டி 1 நானோ செகண்ட், பாயம் போட்டு முதல் 2 நானோ செகண்டை வீசிட்டு 10 நானோ செகண்ட் சேகரிப்பு. பாயம் பழைய 0.0035-ஏ இருக்கட்டுமா?

பின்னம்7

பாதியாக்குங்க, 0.00175. அப்ப 500 மெகாவாட், திரவத்துல ஆங்ஸ்ட்ராமுக்கு 0.42 கெல்வின், கடத்தம் 50 ஆனா தாவல் 10 கெல்வின். நல்லா அளக்கலாம், எதுவும் கெடாது. அப்புறம் அதையே பாதியாவும் இரட்டிப்பாவும் ஓட்டுங்க. மூணுலயும் கடத்தம் பிழைக்குள்ள ஒண்ணா வரணும்.

கூட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்னா, தங்கத்தை ஒட்டின ஹெக்ஸேன் 342 கெல்வின் கொதிநிலையைத் தாண்டி, பிடிப்பும் பலவீனமா இருந்தா முகத்தை விட்டு விலகி மெல்லிய ஆவிப்படலம் விழும். கடத்தம் திடீர்னு சரியும், வெப்பநிலை வரைபடத்துல காரணம் தெரியாது. பக்கத்துல அடர்த்தி வரைபடத்தையும் போட்டு முதல் உச்சம் இருக்கான்னு பாருங்க.

பாயம் ஓடும்போது முழு அமைப்புக்கும் தெர்மோஸ்டாட் வேண்டாம், ஃபிக்ஸ் என்விஇ (தெர்மோஸ்டாட் இல்லாத சாதாரண இயக்கம்) மட்டும். மொத்த ஆற்றல் 10 நானோ செகண்டுக்கு எவ்வளவு நகருதுன்னு பார்த்து, ஏத்தின மொத்தத்தோட ஒப்பிடுங்க. ஒரு சதவீதத்துக்கு மேல போனா முதல்ல வெட்டுத்தூரத்துல விசை சீரா அடங்குதான்னு பாருங்க. தங்கத் தகடு மொத்தமா நகருதான்னும் பாருங்க. நகர்ந்தா பின்கள் அடுக்குகளை விட்டுடும்.

ஈரமுகம்

பிழைப்பட்டைக்கு 10 நானோ செகண்டை அஞ்சு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு முகத்துக்கும் தனித்தனியா தாவல் எடுங்க. பத்து எண் கிடைக்கும். இடது முகமும் வலது முகமும் தொடர்ந்து ஒரே பக்கமா வித்தியாசப்பட்டா, பெரும்பாலும் குளிர்ப் பகுதி நட்டநடுவுல இல்லன்னு அர்த்தம். நீளத்தை மாறவிட்ட பிறகு ரீஜன் (வெப்பம் ஏத்துற, எடுக்குற பகுதிகள்) எல்லைகளை மறுபடி கணக்கிட்டீங்களா?

நெளிதங்கம்

இல்ல. பழைய எண்களே இருந்துச்சு. பெட்டி 3 ஆங்ஸ்ட்ராம் சுருங்கியிருக்கு. திருத்திட்டு ஓட்ட விடுறேன்.